எழினி என்று வைக்கலாமா? அரிய தமிழ்ப் பெயரைச் சிங்கப்பூரில் சோதித்துப் பார்க்கும் முறை

ஒரே பாலர் பள்ளி வகுப்பில் இரண்டு யாழினி, ஒரு யாழிசை, இரண்டு கவின் என்று வந்து சேரும் காலம் இது. அதனால் 'வேறு யாருக்கும் இல்லாத பெயராக இருக்கட்டும்' என்று பெற்றோர் தேடக் கிளம்புவதில் வியப்பில்லை. தேடுவதும் எளிது. இணையத்தில் பெயர்ப் பட்டியலுக்குப் பஞ்சமே கிடையாது. ஆனால் பட்டியலில் பெயருக்குப் பக்கத்தில் போட்டிருக்கும் ஒற்றைச் சொல்லை நம்பிப் பதிந்துவிட்டால், அது தவறு என்பது ஏழெட்டு வருடம் கழித்துப் பிள்ளையின் தமிழாசிரியர் வாயால் தெரியவரும்.

முருகன், குமார், லட்சுமி போன்ற பெயர்களுக்கு ஊரே காவல். ஆங்கிலத்தில் எப்படி எழுதினாலும் படித்துவிடுவார்கள். பொருள் என்ன என்று யாரும் கேட்பதில்லை. அரிய பெயருக்கு அந்தச் சலுகை இல்லை. ஒவ்வொரு புது ஆளின் காதிலும் அது முதல் தடவையாகத்தான் விழும். எழுத்து, ஒலிப்பு, பொருள், ஆணா பெண்ணா என்பது வரை எல்லாவற்றையும் அந்தப் பிள்ளையே சொல்லியாக வேண்டும். ஆகவே பதிவதற்கு முன் நான்கைச் சோதிக்க வேண்டும்: பொருள், பிறப்பிடம், காதில் விழும் விதம், ஆங்கில எழுத்து. பெற்றோர் பெரும்பாலும் முதலாவதிலேயே முழு நேரத்தையும் செலவழித்துவிடுகிறார்கள். இந்தத் தீவில் காலை வாருவது கடைசி இரண்டும்தான்.

எடுத்துக்காட்டுக்கு 'எழினி' என்ற பெயரை எடுத்துக்கொள்வோம். நல்ல பெயர், பழைய பெயர், ஏறத்தாழ எல்லாச் சிக்கலும் உள்ள பெயர்.

பொருள்: பட்டியலில் அல்ல, வரியில்

பட்டியல்கள் எழினிக்கு 'அழகானவள்' என்று போடும். எழில் என்றால் அழகு, அதனோடு ஒரு 'இனி' என்று யாரோ ஊகித்தது. அகராதியைத் திறந்தால் வேறு கதை. சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியில் எழினிக்குத் திரைச்சீலை என்ற பொருளும், வள்ளல் ஒருவனின் பெயர் என்ற குறிப்பும் இருக்கும். இந்த அகராதியைச் சிகாகோ பல்கலைக்கழகத்தின் தெற்காசிய மின்னகராதித் தளத்தில் இலவசமாகத் தேடலாம். தமிழ் இணையக் கல்விக்கழகத் தளத்தில் பிங்கலம், திவாகரம் போன்ற நிகண்டுகளும் கிடைக்கும். இன்றைய வழக்கைப் பார்க்க க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி போதும். அதில் சொல் இல்லாவிட்டால், அந்தப் பெயரின் பொருள் இன்று நடமாடும் ஆட்களுக்குத் தெரியாது என்று அர்த்தம். அரிய பெயர் தேடுபவர்களுக்கு அதுவே நல்ல அடையாளமும்கூட.

அகராதியோடு நிறுத்திவிடக் கூடாது. சொல் வரும் பாட்டு வரியைப் பார்க்க வேண்டும். எழினிக்கு வரிகள் நிறையவே இருக்கின்றன. சிலப்பதிகார அரங்கேற்று காதையில் மாதவியின் ஆடரங்கை வருணிக்கும்போது 'ஒருமுக எழினியும் பொருமுக எழினியும் கரந்துவரல் எழினியும்' என்று வருகிறது. ஒரு பக்கத்திலிருந்து இழுக்கும் திரை, இரு பக்கமிருந்தும் வந்து நடுவில் சந்திக்கும் திரை, மேலேயிருந்து மறைவாக இறங்கும் திரை. மேடைத் திரைக்கு மூன்று வகை வைத்திருந்த காலத்துச் சொல் இது. நாடகம், நடனம் என்று வாழும் குடும்பத்துக்கு இதைவிடப் பொருத்தமாக ஒன்று கிடைப்பது கடினம்.

பெயராக வரும் இடங்களோ புறநானூற்றில். 96ஆம் பாட்டில் ஒளவையார் பாடும் பொகுட்டெழினி அதியமானின் மகன். 158இல் பெருஞ்சித்திரனார் ஏழு வள்ளல்களை வரிசையாகச் சொல்லும்போது 'கூர்வேல் கூவிளங் கண்ணிக் கொடும்பூண் எழினியும்' என்று அதியமானையே அப்பெயரால் குறிக்கிறார். அகநானூறு 36இல் தலையாலங்கானத்துப் போரில் நெடுஞ்செழியனிடம் தோற்ற எழுவரில் ஓர் எழினி இருக்கிறான். கவனித்தீர்களா? மூவரும் ஆண்கள். இன்று எழினி என்று பெண்ணுக்குத்தான் வைக்கிறார்கள். யாழினி, நளினி, மோகினி என்ற வரிசையில் காது அதைச் சேர்த்துவிட்டது. யாழினியோ யாழோடு 'இனி' சேர்த்து அண்மையில் ஆக்கிய பெயர். எழினியில் உள்ள 'இனி' அப்படி ஒட்டியதல்ல.

பெண்ணுக்கு வைப்பதில் தவறொன்றும் இல்லை. பெயர்கள் பால் மாறுவது உலக வழக்கம். ஆனால் 'வீரனின் பெயரா இது?' என்று பிள்ளை பதினைந்து வயதில் கேட்டால் சொல்ல உங்களிடம் பதில் இருக்க வேண்டும். மகனுக்கு வைக்க விரும்பினால் அதற்கும் பழந்தமிழில் முழு ஆதாரம் உண்டு. வகுப்பில் பெண் பெயர் என்று நினைப்பார்கள் என்பதை மட்டும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

பக்கத்துச் சொற்களையும் பாருங்கள். எழிலி என்றால் மேகம். 'தடிந்தெழிலி தான்நல்கா தாகி விடின்' என்ற குறளில் வருவது அதுதான், 17ஆம் குறள். எழினியை எழிலி என்று எழுதிவிடும் உறவினர்கள் கட்டாயம் இருப்பார்கள். கேக்கில் எழுதுபவரும் அப்படித்தான்.

வரியைப் பார்ப்பதால் இன்னொரு பயன், அந்தப் பெயருக்கு உரியவர் என்ன ஆனார் என்பது தெரியும். மயிலுக்குப் போர்வை தந்த பேகன் என்று மகனுக்கு வைக்க ஆசைப்படுபவர்கள் புறநானூறு 143 முதல் 147 வரை படித்துவிட்டு வைக்கட்டும். அந்த ஐந்து பாட்டும், பிரிந்து கலங்கும் மனைவி கண்ணகியிடம் திரும்பிப் போ என்று புலவர்கள் பேகனிடம் கெஞ்சுபவை. பாரியின் மகள்கள் என்று சொல்லப்படும் அங்கவை, சங்கவை பெயர்களுக்கு வேறு வகைச் சிக்கல். புறநானூறு 112இல் 'அற்றைத் திங்கள்' பாடியவர்களின் பெயர் 'பாரி மகளிர்' என்று மட்டும்தான் இருக்கிறது. அங்கவை, சங்கவை என்பவை பின்னால் வந்த வழக்கு. 'சங்ககாலப் பெயர்' என்று பத்திரிகை அடித்துவிட்டால் விவரம் தெரிந்த மாமா ஒருவர் விருந்திலேயே திருத்துவார்.

ஒரே சொல்லுக்கு இரு பொருள் இருந்தால் இரண்டையும் தாங்க முடியுமா என்று யோசியுங்கள். கீழடிப் பானை ஓடுகளில் ஆதன் என்ற பெயர் தமிழ் எழுத்தில் கீறப்பட்டிருப்பதைப் பார்த்து அதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். சேர மன்னர் பெயர்களிலும் ஆதன் உண்டு, பெருமைக்குரிய பெயர்தான். ஆனால் பிற்காலத் தமிழில் ஆதன் என்றால் அறிவில்லாதவன், குருடன் என்றும் பொருள். ஓட்டில் இருப்பதைச் சொல்லிச் சமாளிக்கலாம் என்பது எங்கள் கருத்து. இந்தப் பெயரின் உண்மையான தொல்லை ஆங்கில எழுத்தில் இருக்கிறது. அதற்குப் பிறகு வருவோம்.

பிறப்பிடம்: தமிழா, வடமொழியா, இரண்டுமா

இதில் பலருக்குக் கண்டிப்பு உண்டு. சிலருக்கு அக்கறையே இல்லை. கண்டிப்பு உள்ளவர்களுக்கு விரைவான சோதனைகள் சில. ஜ, ஷ, ஸ, ஹ வந்தால் தமிழ் அல்ல. ட, ர, ல, ழ, ள, ற, ன ஆகியவற்றில் தமிழ்ச் சொல் தொடங்காது. ரியா, லயா, ரக்ஷா எல்லாம் இதில் விழுந்துவிடும். ஆனால் இந்தச் சோதனையைத் தாண்டிவிட்டால் தமிழ்ப் பெயர் என்று முடிவுகட்டக் கூடாது. கமலா, நளினி இரண்டும் எழுத்தளவில் பழுதில்லாதவை; வேர் வடமொழி. பேரகராதியில் கடன் சொற்களுக்கு மூலச் சொல்லைக் கூடவே காட்டியிருப்பார்கள். அந்தக் குறியைப் பார்த்தால் ஐயம் தீரும். மதி இன்னும் சுவையானது. வான்மதியில் இருப்பது நிலவு; சுமதியில் இருப்பது அறிவைக் குறிக்கும் வடசொல். எழுத்து ஒன்று, பிறப்பு இரண்டு.

முன்னொட்டு ஒன்றும் தெரிந்திருப்பது நல்லது. நக்கீரன், நப்பின்னை, நப்பூதன், நச்செள்ளை ஆகியவற்றின் தொடக்கத்தில் வரும் 'ந' சிறப்பைக் குறிப்பது. நச்செள்ளை என்றால் செள்ளைக்கு முன் ஒரு சிறப்பு 'ந'. குறுந்தொகை 210இல் விருந்து வரக் கரைந்த காக்கையைப் பாடியதால் காக்கைபாடினியார் நச்செள்ளையார் ஆனவர் அவர். பெயரின் பிறப்பு இப்படிப் பொன்னாக இருந்தாலும் காதில் என்ன ஆகிறது என்பதை அடுத்த பகுதியில் பாருங்கள்.

நட்சத்திர எழுத்துப் பார்ப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அந்த அட்டவணை வடமொழி ஒலிகளை வைத்துப் போடப்பட்டது. எல்லா நட்சத்திரத்துக்கும் தமிழ்ப் பெயர் அமையாது. கார்த்திகைக்கு அ, இ, உ, ஏ. எகரத்தையும் ஏகாரத்தோடு சேர்த்துக்கொள்வார்கள் என்பதால் எழினி பொருந்திவிடும். ரோகிணிக்கு ஓ, வா, வி, வு. ஓரி, ஓவியா, வாகை, வானதி என்று தாராளம். பரணிக்கோ லி, லு, லே, லோ. நான்கிலும் தமிழ்ச் சொல் தொடங்காது. திருவாதிரைக்கு வரும் நான்கில் ஒன்று ங! இப்படிச் சிக்கிக்கொண்டால் பழைய வழியே நல்ல வழி: ஜாதகத்துக்கு ஒரு பெயர், பதிவுக்கு ஒரு பெயர். பெயர் சூட்டு விழாவில் ஜாதகப் பெயரைக் காதில் மூன்று முறை சொல்லிவிட்டுப் பதிவுப் பெயரால் அழையுங்கள். லி-க்காகப் பொருளில்லாத ஒரு லிக்ஷிதனை உருவாக்க வேண்டிய தேவை இல்லை.

எண் கணிதமும் இதே பக்கத்தில்தான் வரும். எண் கூட்டுத்தொகைக்காக ஓர் எழுத்தை இரட்டிப்பது பொறுக்கத்தக்கது. இரண்டுக்கு மேல் போனால் பெயரைப் படிக்க முடியாமல் போகும். பழகிய பெயரில் ஓர் 'எச்' கூடினால் யாருக்கும் தெரியாது; அரிய பெயரில் அதுவே ஒலிப்பை மாற்றிவிடும்.

காதில் எப்படி விழுகிறது

முதலில் தமிழ்க் காது. இங்கே வேர்ச்சொல் ஆராய்ச்சிக்கு இடமில்லை. பெயரின் ஒரு துண்டு எந்தப் பழகிய சொல்லை இழுத்து வருகிறது என்பதுதான் கணக்கு. நச்செள்ளையில் முதல் அசை நச்சு என்று விழும், மீதி சள்ளை என்று விழும். கரிகாலன் மகள் என்று சொல்லப்படும் ஆதிமந்தியில், குறுந்தொகை 31ஐப் பாடிய அந்தப் பெருமகளின் பெயரில், நம் பிள்ளைகளுக்குக் கேட்பது மந்தி மட்டுமே. குந்தவை தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டிலேயே இருக்கும் பெயர். 'குந்த வை' என்று பிரிப்பவர்களை என்ன செய்ய? அங்கவை, சங்கவைக்கு 2007இல் வந்த ஒரு படத்தின் கேலிக் காட்சி இன்னும் நிழலாகத் தொடர்கிறது.

இதில் ஒரு விதிவிலக்கும் இருக்கிறது. நக்கீரன் என்றால் யாருக்கும் 'நக்கு' கேட்பதில்லை. திருவிளையாடல் கதை அவ்வளவு பரவியதால் பெயர் முழுசாகவே காதில் போய் உட்கார்ந்துவிட்டது. புகழ் ஒலியைக் கழுவிவிடும். நீங்கள் தேடும் அரிய பெயருக்கு அந்தக் கழுவல் கிடைக்காது என்பதால் துண்டுகளைப் பார்த்தே ஆக வேண்டும்.

எழினியின் துண்டு எது? ழகரம் சரியாக வந்தால் ஒன்றுமில்லை. ழ வராத வாயில் அது எலினி. அங்கிருந்து எலி ஒரு தாவல். தமிழ் வகுப்பில் பிள்ளைகள் இதைக் கண்டுபிடிக்க அதிக நாள் ஆகாது. இது தாங்கக்கூடிய கேலி என்றே தோன்றுகிறது. எலி அப்படியொன்றும் அவமானமான பிராணி அல்ல. உங்கள் வீட்டிலேயே ழ சரியாக வராது என்றால் மட்டும் வேறு பெயர் பாருங்கள். பெற்றோர் தவறாகச் சொல்லும் பெயரை ஊர் சரியாகச் சொல்லாது.

அடுத்து மலாய்க் காது. தமிழ்நாட்டில் எழுதிய பெயர்ப் பட்டியல்கள் இதைக் கவனிக்க வாய்ப்பே இல்லை. பாரி வள்ளல் பெயர் மலாயில் திருக்கை மீன். கோப்பிக்கடையில் சம்பல் தடவிச் சுட்டுத் தரும் இக்கான் பாரி. காரி என்றால் கறிக் குழம்பு. மந்தியை 'மண்டி' என்று படித்தால் குளிப்பது. பாலா என்றால் பேரிடர். மாத்தி என்றால் சாவு. மதி என்ற பெயரை ஆங்கிலத்தில் எப்படி எழுதுகிறீர்கள் என்பது இதனால் முக்கியமாகிறது. மணி என்பதை நெட்டெழுத்தாகப் படித்தால் விந்து. நல்லதும் உண்டு. நிலா மலாயில் அவுரி நீலம். சிங்கப்பூரை நிறுவியவராக மலாய் வரலாற்றுக் கதை சொல்லும் சாங் நீல உத்தாமாவின் பெயரிலேயே அது இருக்கிறது. தமிழில் நிலவு, மலாயில் நீலம், இந்த ஊரின் கதையிலும் ஓரிடம். நிலா என்ற பெயருக்கு இங்கே மூன்று ஆதரவு.

பாலாவும் மணியும் தலைமுறை தலைமுறையாக இங்கே வாழ்ந்துவிட்டார்கள், மலாய் நண்பர்களுக்கும் பழகிவிட்டது. பாரிக்கும் ஒரு வாரக் கிண்டலுக்கு மேல் வராது. இவற்றுக்காகப் பெயரைக் கைவிட வேண்டாம். தெரிந்து வையுங்கள், அவ்வளவுதான்.

ஹொக்கியன் என்ற சீனக் கிளைமொழியில் சாய் என்பது மலம். அது பெயரின் நடுவில் கரைந்துவிட்டால் பரவாயில்லை. தனியாக அழைக்கும் சுருக்கமாக இருந்தால்தான் வினை. ஆங்கிலத்தில் இதைவிடக் கடுமையானவை இருக்கின்றன. அனல் அழகான தமிழ்ச் சொல். அதை ஆங்கில எழுத்தில் எழுதிப் பாருங்கள். பிறகு எந்தப் பெற்றோருக்கும் அதை வைக்க மனம் வராது. இதற்குச் சமாளிப்பே கிடையாது, கைவிட வேண்டியதுதான். ஹர்ஷித் வகைப் பெயர்களின் கடைசி நான்கு எழுத்துகளைத் தனியாகப் படியுங்கள். பூவிழியின் முதல் மூன்றெழுத்தும் அப்படியே. பேகனோ மலாயில் 'பெக்கான்' என்று ஊராகிவிடும், ஆங்கிலத்தில் பன்றி இறைச்சித் துண்டாகிவிடும். வள்ளலுக்கு இது நியாயமில்லை.

தமிழ் முஸ்லிம் குடும்பங்களில் அரபுப் பெயருக்கும் இதே சோதனை பொருந்தும். மலாய் முஸ்லிம்களுக்கு அந்தப் பெயர் ஏற்கெனவே தெரிந்திருக்கும் என்பதால் ஒலிப்பில் தொல்லை குறைவு. அவர்கள் எழுதும் முறையும் நீங்கள் எழுதும் முறையும் வேறாக இருக்கும். அதை மட்டும் பாருங்கள்.

ஆங்கில எழுத்து: ழ-வை என்ன செய்வது

அடையாள அட்டை, தேர்வுச் சான்றிதழ், விமானச் சீட்டு எல்லாம் ஆங்கில எழுத்தில்தான். உங்கள் பிள்ளையின் பெயர் வாழ்நாள் முழுதும் பெரும்பாலான கண்களுக்கு அந்த வடிவில்தான் தெரியும். தமிழின் ல, ள, ழ மூன்றும், ர, ற இரண்டும், ண, ன, ந மூன்றும் ஆங்கிலத்தில் ஒன்றாகிவிடும். ழ-வுக்கு மட்டும் இஸட், எச் இணை என்று ஒரு மரபு உண்டு.

சிக்கல் என்னவென்றால், சிங்கப்பூரில் முக்கால்வாசிப் பேருக்குத் தெரிந்த இன்னொரு இஸட்-எச் இருக்கிறது. சீனத்தை ஆங்கில எழுத்தில் எழுதும் பின்யின் முறையில் அந்த இணை ஏறத்தாழ 'ஜ' என்று ஒலிக்கும். ஆகவே எழினியைச் சீன ஆசிரியர் 'எ-ஜி-னி' என்று படிப்பார். அவர் மேல் தவறில்லை. அவர் கற்ற விதிப்படி சரியாகவே படிக்கிறார். எழிலும் யாழினியும் தமிழும்கூட இதே பாடுதான் படுகின்றன. பிள்ளை முதல் நாளே 'எல் மாதிரி சொல்லுங்கள்' என்று சொல்லப் பழகிவிட்டால் ஒரு வாரத்தில் சரியாகும்.

மாற்று வழி, எல் போட்டு எழுதுவது. எல்லோரும் தயக்கமின்றி 'எலினி' என்று படிப்பார்கள். கிரேக்கப் பெயர் போலவும் இருக்கும். பலர் இந்த வழியைத் தேர்ந்தெடுக்கிறார்கள். நாங்கள் பரிந்துரைப்பது இஸட்-எச். காரணம் எளிது. இஸட்-எச் எழுதி ஒருவர் தவறாகப் படித்தால் அது தவறு என்று உடனே தெரியும், திருத்தலாம். எல் எழுதி எலினி என்று படித்தால் அது தவறு என்றே யாருக்கும் தெரியாது. தமிழர்களும் அதைப் பார்த்து எலினி என்றே சொல்வார்கள். பத்து வருடத்தில் பெயரே மாறிப் போயிருக்கும்.

த-வுக்கு டீ-எச் (th) என்பது இங்கே நிலைத்துவிட்ட வழக்கம். அதிபர் தர்மனின் பெயரும் டீ-எச்சில்தான் தொடங்குகிறது. டீ மட்டும் போட்டால் ட ஆகிவிடும். இப்போது ஆதனுக்கு வாருங்கள். ஏ, டீ, எச், ஏ, என் என்று எழுதினால் தமிழர்கள் அதை 'அத்தான்' என்று படிப்பார்கள். வகுப்பிலிருக்கும் பெண் பிள்ளைகள் ஒவ்வொரு நாளும் அவனை அத்தான் என்று அழைக்கும் நிலை. டீ-எச்சுக்குப் பதிலாக டி-எச் (dh) போட்டால் பள்ளிவாசல் பாங்குக்கு உள்ள சொல்லாகப் படிக்கப்படும். முதல் எழுத்தை இரட்டித்து ஏ, ஏ, டீ, எச் என்று தொடங்குவதே இருப்பதில் சிறந்த வழி. நெடிலை இரட்டை எழுத்தால் காட்டுவது பொதுவாகவே அரிய பெயருக்கு உதவும். ஆனால் பெயரில் ஓரிடத்தில் மட்டும். மூன்று இடத்தில் இரட்டித்தால் படிவம் நிரப்பும் எவரும் ஒன்றை விட்டுவிடுவார்கள்.

அப்பா பெயரைச் சேர்க்கும் முறையும் இப்போதே முடிவாக வேண்டும். இன்னாரின் மகன், மகள் என்பதற்கு எஸ்-ஓ, டி-ஓ (s/o, d/o) என்று நடுவில் சாய்கோடு போட்டு எழுதுவது பழைய வழக்கம், கட்டாயம் அல்ல. சாய்கோட்டை விமான நிறுவனங்களின் படிவங்கள் ஏற்பதில்லை. சிலது அதை விழுங்கும், சிலது எஸ்-ஓவை அப்பா பெயரோடு ஒட்டிவிடும், குடும்பப் பெயர் எது என்று வேறு கேட்கும். விட்டுவிட்டுப் பிள்ளை பெயர், அப்பா பெயர் என்று நேராகப் பதிவது பிற்காலத்தில் நிம்மதி. எழினி, ஓரி போன்ற ஆணா பெண்ணா தெரியாத பெயர்களுக்கு மட்டும் அந்த டி-ஓ ஒரு சிறு உதவி செய்யும். அதற்காக வாழ்நாள் முழுதும் சாய்கோட்டோடு மல்லுக்கட்ட வேண்டுமா என்பது உங்கள் விருப்பம்.

நீளத்தையும் எண்ணிவிடுங்கள். கடப்பிதழின் அடியில் இயந்திரம் படிக்கும் வரியில் பெயருக்கு 39 இடங்கள்தான், இடைவெளிக் குறிகளையும் சேர்த்து. எழினிக்கு ஆங்கிலத்தில் ஆறெழுத்து. அப்பா செந்தமிழ்ச்செல்வனாக இருந்தாலும் இடம் மிஞ்சும். இரண்டு சொல் பெயரும் நீண்ட அப்பா பெயரும் சேர்ந்தால்தான் கடைசி எழுத்துகள் வெட்டுப்படும்.

வீட்டில் செய்து பார்க்கும் சோதனைகள்

மூன்று பெயர்களைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள்; ஒன்று போதாது, ஐந்து குழப்பும். பிறகு இவற்றைச் செய்யுங்கள். ஒரு மாலை போதும்.

ஊரிலிருக்கும் பாட்டிக்கோ அப்பத்தாவுக்கோ தொலைபேசியில் பெயரை ஒரே ஒரு முறை சொல்லி, திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். விளக்கம் கொடுக்கக் கூடாது. அவர் 'எழிலியா?' என்றால் அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆங்கிலத்தில் எழுதிய சீட்டை அடுத்த வீட்டுச் சீன ஆன்ட்டியிடமும் மலாய் அங்கிளிடமும் காட்டிப் படிக்கச் சொல்லுங்கள். அவர்கள் படிப்பதைத் தமிழில் எழுதி வையுங்கள். இரண்டு பேரும் ஒரே தவறைச் செய்தால் அதுதான் பிள்ளையின் பள்ளிப் பெயர். உங்களுக்கு அது பரவாயில்லையா?

கோயிலில் அர்ச்சனைச் சீட்டு வாங்கும்போது சாளரத்தில் அந்தப் பெயரைச் சொல்லுங்கள். இரைச்சலில், அவசரத்தில், தமிழ் தெரிந்த ஒருவர் கேட்டு எழுதுவது. இதைவிட நேர்மையான தேர்வு கிடையாது. சீட்டில் என்ன வந்திருக்கிறது என்று பாருங்கள்.

வீட்டில் ஒரு நாள் முழுதும் அந்தப் பெயரால் கூப்பிட்டுப் பாருங்கள், கோபத்திலும். 'எழினி, காலணியை எடுத்து வை!' என்று வாய்க்கு வருகிறதா? தானாக என்ன சுருக்கம் பிறக்கிறது? எழில் என்று சுருங்கினால் நல்லது. எலி என்று சுருங்கினால், அதைச் செய்தது நீங்களேதான்.

தேடுபொறியில் ஆங்கில எழுத்தில் போட்டு முதல் இரண்டு பக்கங்களைப் பாருங்கள். பற்பசையோ மருந்தோ அந்தப் பெயரில் இருக்கலாம். தமிழ் எழுத்திலும் தேடுங்கள். புதுப் படத்தின் கதாநாயகி பெயராக இருந்தால் அடுத்த ஆண்டு அது அரிய பெயராக இருக்காது.

பதிவு

சிங்கப்பூரில் பிறப்பை 42 நாள்களுக்குள் பதிய வேண்டும். 2022 மே 29 முதல் பிறப்புச் சான்றிதழ் மின்னிலக்க வடிவில்தான்; பெற்றோர் சிங்பாஸ் மூலம் லைஃப்எஸ்ஜி செயலியில் தாங்களே பெயரைத் தட்டச்சு செய்து பதிகிறார்கள். கட்டணம் 18 வெள்ளி. மருத்துவமனையில் எழுத்தர் ஒருவர் 'இப்படியா எழுதுவீர்கள்?' என்று கேட்ட காலம் போய்விட்டது. தவறு நேர்ந்தால் அது உங்கள் விரலில் நேர்ந்தது.

பெயர் சூட்டு விழாவை 11, 16, 30 என்று குடும்பத்துக்கு ஒரு நாளில் வைப்பார்கள். முஸ்லிம் குடும்பங்களில் ஏழாம் நாள் அகீகா. முப்பதாம் நாள் வைப்பவர்கள்தான் நெருக்கடியில் மாட்டிக்கொள்வார்கள். விழா முடிந்து, உறவினர் ஊருக்குத் திரும்பி, களைப்பு நீங்கிப் பார்த்தால் கெடு முடிய நாலைந்து நாள்தான் இருக்கும். பத்தாம் நாளுக்குள் மூன்று பெயர், இருபதுக்குள் சோதனைகள், விழாவுக்கு முந்தைய நாள் ஆங்கில எழுத்துகள் முடிவு, விழா முடிந்த மறுநாள் பதிவு. இந்த ஒழுங்கில் போனால் பத்து நாள் கையில் மிஞ்சும். ஆங்கில எழுத்துகளை விழாவுக்கு முன்பே முடிவுசெய்யச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பலகையிலும் கேக்கிலும் ஒரு மாதிரி அச்சாகி, சான்றிதழில் வேறு மாதிரி வந்தால், பாதி உறவினர் பலகையில் பார்த்ததையே காலமெல்லாம் எழுதுவார்கள்.

பின்னால் மனம் மாறினால் வழக்கறிஞர் மூலம் பெயர் மாற்றப் பத்திரம் எழுதி, பள்ளி, வங்கி, கடப்பிதழ் என்று ஒவ்வோர் இடமாகத் திருத்திக்கொண்டு போக வேண்டும். 

ஆகவே அனுப்பும் பொத்தானை அழுத்துவதற்கு முன், திரையிலிருக்கும் பெயரை இன்னொருவர் எழுத்தெழுத்தாக வாசிக்க, நீங்கள் தாளில் எழுதி வைத்ததைப் பார்த்துச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். பிள்ளை பெயரைத் தட்டச்சு செய்தவரே அதைச் சரிபார்த்தால் பிழை கண்ணில் படாது. மனத்தில் இருப்பதைத்தான் கண் படிக்கும். ழ உள்ள பெயர்களில் அதிகம் தொலைவது இஸட்டுக்குப் பின்னால் வரும் எச். அந்த இடத்தை மட்டும் இரண்டு முறை பாருங்கள்.